பெருவிரலின் வரலாறு: ஹொக்கைடோவிலிருந்து ஹட்டன் வரை

2023 ஆம் ஆண்டு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்காக நுவரெலியா சென்றிருந்தேன். மாப்பிள்ளை வீட்டார் தங்கியிருந்த விடுதியின் முன்கூடத்தில் உடற்பிடிச் சிகிச்சைகளின் விலைப்பட்டியல் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டப்பட்டிருந்தது. அதில் மூன்றாவதாக 'ஷியாட்சு, 60 நிமிடம்' என்று இருந்தது. பக்கத்தில் எழுதியிருந்த தொகையை மனதுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அப்போது தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 1000 ரூபாய். அந்த ஒரு மணி நேரத்துக்கான கட்டணம் பத்து நாள் பேருக்குக் கிடைக்கும் சம்பளத்துக்குச் சமமாக இருந்தது.

அங்கு வேலை செய்த பெண்பிள்ளையிடம் அது என்னவென்று கேட்டேன். பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்தவள். "அது ஜப்பான் புடிப்பு சேர். எண்ண போடுறதில்ல. வெரலால அமத்தி அமத்திப் புடிக்கிறது" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்திச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "எங்க லயத்துல அம்மாயிமாரு புடிக்கிறது மாரித்தான்."

அவள் விளையாட்டாகச் சொன்ன அந்த வார்த்தை ஊர் திரும்பிய பின்னும் என்னை விடவில்லை. ஜப்பானியரின் ஷியாட்சுவுக்கு ஒரு வரலாறு உண்டு. தந்தை எனக் கொண்டாடப்படும் ஒருவர் உண்டு. கல்லூரி உண்டு, அரசாங்கச் சட்டம் உண்டு. எங்கள் அம்மாயிமாரின் கைக்கு என்ன உண்டு? இக்கேள்விக்கு விடை தேடும் ஒரு சிறு முயற்சியே இக்கட்டுரை.

முதலில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாயியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வாப்பாவுக்கு ஹட்டன் கடைவீதியில் ஒரு சில்லறைக்கடை இருந்தது. நாங்கள் கடைக்குப் பின்னாலேயே குடியிருந்தோம். என் இளைய தங்கை பிறந்த பிறகு உம்மாவுக்கு இடுப்புவலி பிடித்துக்கொண்டது. பனிக்காலம் வந்தால் எழுந்து நின்று தொழ முடியாது, உட்கார்ந்துதான் தொழுவார். ஆஸ்பத்திரி மாத்திரைக்கு வலி இரண்டு நாள் அடங்கும், மூன்றாம் நாள் வந்துவிடும். அப்போதுதான் கடைக்குச் சாமான் வாங்க வரும் ஒரு மூதாட்டி, "நான் ஒருக்கா புடிச்சிப் பாக்கவா தாயி?" என்று கேட்டார். அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வரத் தொடங்கினார். தோட்டத்துப் பிள்ளைகள் தாயின் தாயை அழைப்பது போல நாங்களும் அவரை அம்மாயி என்றே அழைத்தோம். உம்மாவும் அப்படித்தான் அழைத்தார்.

கதவுக்கு வெளியே விளையாடிக்கொண்டிருந்த எனக்கு அந்த அறையின் காட்சி பாதி திறந்த கதவின் வழியே தெரியும். பாயில் உம்மா ஒருக்களித்துப் படுத்திருப்பார். அம்மாயி பக்கத்தில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்து, இடது கையை உம்மாவின் முதுகில் சும்மா வைத்திருப்பார். வலது பெருவிரல் மட்டும் முள்ளந்தண்டின் ஓரமாக, ஒரு விரற்கடை விட்டு ஒரு விரற்கடை இறங்கும். விரலால் குத்துவதில்லை. தன் உடம்பின் பாரத்தை மெல்ல முன்னால் சாய்த்து, அது விரல் வழியே இறங்கும்வரை காத்திருப்பார். இரண்டு மூன்று மூச்சு அப்படியே இருந்து பிறகு விடுவார். வலிக்கிற இடத்துக்கு நேராகப் போகமாட்டார். "நோவுற எடத்துல மொதல்ல கை வைக்கப்படாது தாயி. அக்கம்பக்கத்த கேட்டுக்கிட்டுத்தான் அங்க போவணும்" என்பார். உம்மா "பிஸ்மில்லாஹ்" என்பார். அம்மாயி "முருகா" என்பார். பிடித்து முடியும்போது உம்மா பெரும்பாலும் தூங்கிப்போயிருப்பார்.

இனி ஜப்பானுக்கு வருவோம். 'ஷி' என்றால் விரல், 'அட்சு' என்றால் அழுத்தம். ஷியாட்சு என்ற பெயர் இருபதாம் நூற்றாண்டுக்குரியது. ஆனால் அதன் வேர் அதற்குப் பல நூற்றாண்டுகள் முந்தியது. சீனத்திலிருந்து ஜப்பானுக்குச் சென்ற உடற்பிடி முறை அங்கே 'அன்மா' என்று வழங்கியது. எடோ காலத்தில் அது பார்வையற்றோரின் தொழிலாக வளர்ந்தது. சுகியாமா வாயிச்சி (1610 - 1694) என்னும் பார்வையற்ற அக்குபங்சர் வைத்தியர் தம்மைப் போன்றோருக்கு ஊசி வைத்தியத்தையும் அன்மாவையும் கற்பிக்கும் கூடங்களை ஏற்படுத்தினார். கண் இல்லாதவரின் விரலுக்கு உடம்பு பேசும் என்ற நம்பிக்கை அந்தச் சமூகத்தில் இருந்தது. அந்த நம்பிக்கை ஆயிரக்கணக்கான பார்வையற்றோருக்குச் சோறு போட்டது என்பதும் குறிப்பிடத்தக்கது.

1868 இல் தொடங்கிய மெய்ஜி ஆட்சி மேற்கத்திய வைத்தியத்தை அரச வைத்தியமாக ஏற்றது. 1871 இல் பார்வையற்றோரின் பழைய தொழிற்குழாம் கலைக்கப்பட்டது. அன்மா மெல்ல மெல்லக் களைப்பாற்றும் சேவையாகவும் கேளிக்கையாகவும் தாழ்ந்தது. இந்த நிலையில்தான் சிலர் விரல் அழுத்தத்தைத் தனி வைத்தியமாகப் பேசத் தலைப்பட்டனர். தமாய் தெம்பாக்கு என்பவர் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் 'ஷியாட்சு ஹோ' என்ற நூலை எழுதினார். ஆயினும் உலகம் அறிந்த பெயர் தொகுஜிரோ நமிகோஷியினுடையது. அவருடைய கதைதான் என்னை ஹட்டனுக்குத் திருப்பி அழைத்து வந்தது.

நமிகோஷி 1905 இல் ஷிகோகு தீவின் ககாவா மாவட்டத்தில் பிறந்தவர். அது ஜப்பானின் தெற்கே, வெதுவெதுப்பான கடலோரப் பிரதேசம். அவருக்கு ஏழு வயதாக இருக்கையில் குடும்பம் வடகோடியிலுள்ள ஹொக்கைடோத் தீவுக்குக் குடிபெயர்ந்தது. ஹொக்கைடோ அக்காலத்தில் காடு வெட்டிக் குடியேறும் மண். பனி கொட்டும் குளிர். அவர்கள் சென்றடைந்த ருசுட்சு கிராமத்தில் வைத்தியர் இல்லை. நெடும் பயணமும் பழகாத குளிரும் தாயாரின் மூட்டுகளைத் தாக்கின. முழங்காலில் தொடங்கிய வலி கணுக்கால், மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று பரவியது. மருந்து கிடையாத நிலையில் பிள்ளைகள் முறைவைத்துத் தாயைத் தடவியும் அழுத்தியும் விட்டார்கள். தாய், தொகுஜிரோவின் கைதான் இதமாக இருக்கிறது என்றார். சிறுவன் கவனித்தான். தடவுவதைவிட அழுத்துவது கூடுதலாக வலியைத் தணித்தது. சில இடங்கள் குளிர்ந்தும் இறுகியும் இருந்தன. அங்கே கூடுதலாகவும் மற்ற இடங்களில் குறைவாகவும் அழுத்தினான். தாயார் குணமடைந்தார் என்று நமிகோஷி பிற்காலத்தில் சொன்னார். முள்ளந்தண்டின் நடுப்பகுதியின் இருபுறமும் தாம் அழுத்தியதால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் தூண்டப்பட்டிருக்கலாம் என்பது அவர் பின்னாளில் தந்த விளக்கம்.

அந்த விளக்கம் அவருடையது. நாம் அதை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கதையின் மற்றப் பகுதியைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். வெப்பமான ஊரை விட்டுக் குளிருக்குப் பெயர்ந்த ஏழைக் குடும்பம், வைத்தியர் இல்லாத இடம், மூட்டு வலியில் கிடக்கும் தாய், கையைத் தவிர வேறு எதுவும் இல்லாத பிள்ளைகள். இப்படியான குடும்பங்கள் நமது மலையகத்தின் லயங்களில் எத்தனை இருந்தன!

நமிகோஷி 1925 இல் ஹொக்கைடோவில் தமது சிகிச்சை நிலையத்தைத் திறந்தார். 1940 இல் தோக்கியோவில் பயிற்சிக் கல்லூரி உருவானது. போரில் ஜப்பான் தோற்ற பிறகு ஒரு சோதனை வந்தது. அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் 1947 இல் அக்குபங்சர், அன்மா போன்ற மரபு வைத்தியங்களை அறிவியலுக்கு ஒவ்வாதவை என்று தடுக்க முனைந்தது. வைத்தியர்கள் எதிர்த்தார்கள். பார்வையற்ற தொழிலாளர்களும் அந்த எதிர்ப்பில் முன்னின்றார்கள். அவ்வாண்டு டிசம்பரில் அவர்களுடைய தொழிலை ஒழுங்குபடுத்தி அனுமதிக்கும் சட்டம் நிறைவேறியது. 1955 இல் ஷியாட்சு என்ற சொல் அன்மாவின் ஒரு பிரிவாக அந்தச் சட்டத்துக்குள் நுழைந்தது. 1964 இல் சட்டம் மீண்டும் திருத்தப்பட்டு அன்மா, உடற்பிடி, ஷியாட்சு என மூன்றும் தனித்தனிப் பெயர்களோடு நிறுத்தப்பட்டன. ஒரு சிறுவன் தாயின் முழங்காலில் கண்டுகொண்டது அரை நூற்றாண்டுக்குள் அரசாங்க உரிமம் பெற்ற தொழிலாயிற்று. 1964 என்ற அந்த வருடத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அதற்குத் திரும்பி வருவேன்.

நமிகோஷி 2000 ஆம் ஆண்டு வரை வாழ்ந்தார். 1954 இல் ஜப்பான் வந்த நடிகை மர்லின் மன்றோவுக்குச் சிகிச்சை அளித்ததால் அவர் பெயர் எங்கும் பரவியது. ஷியாட்சுவின் உள்ளம் தாயின் உள்ளமே என்பது அவர் ஓயாது சொல்லிவந்த கருத்து.

அவருடைய கல்லூரியில் கற்பித்த ஷிசுட்டோ மசுனாகா (1925 - 1981) அந்த உள்ளத்துக்கு வேறொரு விளக்கம் தந்தார். உளவியல் படித்த அவர், நமிகோஷியின் உடற்கூற்று விளக்கத்தோடு நில்லாமல் சீன மரபின் நாடிப் பாதைகளையும் சென் பௌத்தத்தின் அமைதியையும் சேர்த்தார். உடம்பில் வெறுமை உள்ள இடம், நிறைவு உள்ள இடம் என்று இரண்டைச் சொன்னார். துருத்திக்கொண்டு நிற்கும் வலி நிறைவின் குரல். அதற்குக் காரணமான வெறுமை வேறோர் இடத்தில் மறைந்து கிடக்கும். வைத்தியர் தேடவேண்டியது அந்த மறைந்த இடத்தையே என்பது அவர் போதனை. பிடிக்கும் முறையிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பிடிபடுபவர் உடையோடு தரையிலுள்ள விரிப்பில் படுத்திருப்பார். எண்ணெய் இல்லை. தசையின் பலத்தால் அழுத்தாமல் உடம்பின் பாரத்தைச் செங்குத்தாகச் சாய்க்க வேண்டும். ஒரு கை நகரும். மற்றக் கை நகராமல் உடம்பின் மீது தங்கியிருக்கும். தங்கியிருக்கும் கையைத் 'தாய்க் கை' என்று அந்த மரபினர் அழைக்கிறார்கள்.

இதைப் படித்தபோது அம்மாயியின் இடது கை என் கண்முன் வந்து நின்றது.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை தேவை. நம்மவர்க்கு ஒரு பழக்கம் உண்டு. பிற நாட்டில் ஒரு நல்ல காரியத்தைக் கண்டால், 'இது நம்மிடமிருந்து போனதுதான்' என்று சொல்லிவிடுவோம். அப்படிச் சொல்ல நான் வரவில்லை. வலித்தால் அழுத்திப் பிடிப்பது மனித குலத்தின் பொதுச் சொத்து. ஆனால் அதை எண்ணிப் பார்த்து எழுதி வைத்தவர்கள் நம் மரபுகளிலும் உண்டு. இப்னு சீனா (980 - 1037) தமது 'அல்கானூன்' என்னும் மருத்துவப் பெருநூலில் 'தல்க்' எனப்படும் உடற்பிடிக்கு இடம் ஒதுக்கினார். வன்மையான பிடி உடலை இறுக்கும், மென்மையான பிடி தளர்த்தும், நீடித்த பிடி உடலை மெலியச் செய்யும், அளவான பிடி வளர்க்கும் என்று வகுத்தார். உடலுழைப்புக்கு முன் உடம்பைத் தயார்ப்படுத்தும் பிடியையும் உழைப்பின் பின் களைப்பைக் கரைக்கும் பிடியையும் பிரித்துக் காட்டினார். தமிழ்ச் சித்த மரபு இதனைத் தொக்கணம் என்றது. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்தல், அசைத்தல் என ஒன்பது வகை சொன்னது. வலி எடுக்கும் இடத்தில் உன் கையை வை, பிஸ்மில்லாஹ் சொல் என்று நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு தோழருக்குக் கற்பித்த செய்தி முஸ்லிம் கிரந்தத்தில் உண்டு. ஓதுவதோடு கையும் வைக்கப்பட வேண்டும் என்பது இங்கு நோக்கத்தக்கது.

இலங்கையில் 1961 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் ஆயுர்வேதத்துடன் சித்த, யூனானி வைத்தியங்களையும் அங்கீகரித்தது. ஹக்கீம்கள் பதிவு பெற்றார்கள். நூலும் பட்டமும் உள்ள வைத்தியம் அரசாங்கத்தின் கண்ணுக்குத் தெரிந்தது. லயத்தில் பாயில் உட்கார்ந்து பிடித்த பெண்ணின் கையில் நூலும் இல்லை, பட்டமும் இல்லை.

அந்தக் கை எப்படி மலைக்கு வந்தது? திருச்சி, புதுக்கோட்டை, சேலம் போன்ற வறண்ட சமவெளிகளிலிருந்துதான் கோப்பிக் காலத்தில் மக்கள் வந்தார்கள். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்தார்கள். வழியில் மாண்டவர்களின் தொகை பற்றி ஆய்வாளர்கள் இன்றும் வாதிடுகிறார்கள். 1867 இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலையை வர்த்தகப் பயிராக நட்டார். 1869 இல் கோப்பியில் இலைத்துரு நோய் கண்டது. தேயிலை கோப்பியின் இடத்தைப் பிடித்தது. 1884 இல் புகையிரதம் ஹட்டனை எட்டியது. கோப்பி பருவப் பயிர். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் கொழுந்து எடுக்கவேண்டும். அதனால் பெண்கள் குடும்பத்தோடு மலையில் தங்கினார்கள். வெயிலில் பிறந்த உடம்புகள் நாலாயிரம், ஆறாயிரம் அடி உயரத்துக் குளிரில் நிரந்தரமாகக் குடியேறின.

கொழுந்து பறிக்கும் உடம்பை ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். விடியுமுன் பெரட்டு. இடுப்பில் படங்கு. கூடையின் கயிறு தலையில் பதிந்து கழுத்தை இழுக்கும். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. இரண்டு கை விரல்களும் நாள் முழுதும் ஓயாமல் கிள்ளும். மழை பெய்தாலும் மலை விட்டு இறங்க முடியாது. கொழுந்து குறைந்தால் அரைப்பேர். இரவில் காம்பராவின் சிமெந்துத் தரையில் ஒரு சாக்கைப் போட்டுப் படுக்கை. கழுத்து, தோள், இடுப்பு, முழங்கால் என்று வலி எங்கே விழும் என்பது இந்த வேலையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆண்களுக்குக் கவ்வாத்தும் முள்ளுக்குத்தும் கான்வெட்டும் வேறு வலிகளைத் தந்தன.

வைத்தியமே இருக்கவில்லை என்று சொல்ல முடியாது. 1872 இலேயே தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகள் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. 1912 இல் அது விரிவாக்கப்பட்டது. 1916 இல் ரொக்பெல்லர் மன்றம் மாத்தளைப் பகுதித் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. 1939 இல் பிரசவ சகாயச் சட்டம் வந்தது. ஆனால் இவை எவற்றை எண்ணின என்று பாருங்கள். காய்ச்சலையும் புழுவையும் பிறப்பையும் இறப்பையும் எண்ணின. தொழிலாளியை மலைக்குப் போகவிடாமல் தடுப்பது எதுவோ அதுவே நோய். வலியோடு மலைக்குப் போக முடியுமானால் அது நோய் அல்ல. தோட்டத்து டிஸ்பென்சரியின் மிக்சர் போத்தலுக்குள் இடுப்புவலிக்கு இடம் குறைவு. எலும்பு முறிந்தால் கிராமத்துச் சிங்கள வெதமஹத்தயாவின் 'கடும் பிந்தும்' வைத்தியத்தை நாடினார்கள். முறியாமலும் காய்ச்சல் இல்லாமலும் வலிக்கிற வலிக்கு அடுத்த காம்பராவில் இருக்கும் பெண்ணின் கைதான் இருந்தது.

அம்மாயி அந்த எல்லையைத் தெரிந்து வைத்திருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். கடைக்குச் சாமான் இறக்கும் நாட்டாமை ஒருவர் விழுந்து கை வீங்கி வந்தபோது, அவர் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது என் வேல இல்ல. ஒடைஞ்சிருக்கு. வைத்தியர்கிட்ட போங்க" என்று அனுப்பிவிட்டார். காய்ச்சல்காரரையும் அவர் பிடிக்கமாட்டார். ஷியாட்சு பயில்வோருக்கும் இதே விலக்குகள் உண்டு. விரல் அழுத்தம் தசை இறுக்கத்துக்கும் மனக் களைப்புக்கும் ஆறுதல் தருவதைப் பலர் உணர்ந்திருக்கிறார்கள். அது எல்லா நோயையும் தீர்க்கும் என்பது வியாபாரிகளின் பேச்சு.

எங்கள் பக்கத்து உண்மையையும் மறைக்கக் கூடாது. கடைவீதியின் முஸ்லிம் வீடுகளிலும் லயத்து மனிதரை வாசலோடு நிறுத்தும் பழக்கம் இருந்தது. தமிழகத்துக் கிராமங்களில் பிள்ளைப்பேறு பார்ப்பதும் உடம்பைத் தொட்டுச் செய்யும் பணிகளும் நாவிதர் குடும்பப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. அந்த ஒதுக்கலும் கப்பலேறி லயத்துக்கு வந்தது. தொடுகிற கை தேவை, தொடுகிறவர் தாழ்ந்தவர் என்ற முரண் எல்லாரிடமும் இருந்தது. அம்மாயி எங்கள் உள்ளறைவரை வந்தது அவருடைய கையின் பலத்தால்தான். அவருடைய கதையை நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் பிறந்த தோட்டம் எது, யாரிடம் பிடிக்கப் பழகினார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது 1964 க்கு வருகிறேன். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட மலையக மக்களைப் பங்கிட்டுக்கொள்ள 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மீதி 1,50,000 பேரை 1974 இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஜப்பானியச் சட்டத்தில் ஷியாட்சு தனித்து நின்ற அதே வருடத்தில், எங்கள் அம்மாயிமார் தலைக்கணக்காக எண்ணப்பட்டார்கள். குளிர் மண்ணில் குடியேறிய ஒரு கூட்டத்தின் கைக்கு உரிமம் கிடைத்தது. குளிர் மலையில் குடியேறிய இன்னொரு கூட்டத்தின் கைக்குக் கப்பல் சீட்டுக் கிடைத்தது. இரண்டுக்கும் ஒன்றோடொன்று தொடர்பில்லைதான். ஆனால் ஓர் அறிவு வாழ்வதும் அழிவதும் அதன் தரத்தை மட்டும் பொறுத்ததல்ல, அதைச் சுமப்பவருக்கு மண்ணில் நிற்க உரிமை இருந்ததா என்பதையும் பொறுத்தது என்பதை இந்த இரண்டு கையெழுத்துகளும் எனக்குச் சொல்கின்றன. பார்வையற்ற அன்மாக்காரர்கள் 1947 இல் குரல் எழுப்ப முடிந்தது. அவர்கள் தங்கள் நாட்டின் பிரஜைகள்.

அம்மாயியின் குடும்பத்துக்கு 1973 இல் பயண நாள் வந்தது. கடைசியாக வந்த ஞாயிற்றுக்கிழமை அவர் நெடுநேரம் உம்மாவைப் பிடித்தார். ஹட்டன் ஸ்டேஷனில் அன்று நின்ற அழுகையை அந்தக் காலத்து ஹட்டன்வாசிகளுக்குச் சொல்லத் தேவையில்லை. கோச்சி நகர்ந்த பிறகும் ஆட்கள் தண்டவாளத்தோரம் ஓடினார்கள். தலைமன்னாருக்குப் போய் அங்கிருந்து கப்பல். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி அழிந்து போனதால் இராமேசுவரத்தில் இறக்கினார்கள். பிறகு மண்டபம் முகாம். முன்னோர் இலங்கைக்கு ஏறுமுன் அடைபட்டிருந்த அதே மண்டபம். சில மாதங்களின் பின் கோத்தகிரியிலிருந்து பேரன் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்தது. தாயகம் திரும்பியோருக்காகத் தமிழ்நாடு அரசு 1968 இல் தொடங்கிய நீலகிரித் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்திருக்கிறதாம். இங்கும் குளிர், இங்கும் கொழுந்து, இங்கும் அம்மாயி பிடிக்கிறார் என்று எழுதியிருந்தான். வாப்பா பதில் எழுதினார். அதன் பின் தொடர்பு அறுந்துவிட்டது.

வாப்பாவின் மறைவுக்குப் பிறகு கடையின் பழைய கடன் கொப்பிகளைப் புரட்டினேன். அவர் கணக்கை அறபுத்தமிழில் எழுதுபவர். 1971 முதல் 1973 வரையான கொப்பியில் அம்மாயிக்கு ஒரு பக்கம் இருந்தது. அரிசி, கருவாடு, மண்ணெண்ணெய் என்று பற்று. வரவுப் பக்கத்தில் ஞாயிறுதோறும் 'பிடிகூலி' என்று எழுதிக் கடனில் கழித்திருக்கிறார். கடைசி வரியில், இந்தியா போய்விட்டார், பாக்கி தள்ளுபடி என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறார். அந்தக் கைக்கு இந்த உலகத்தில் எழுத்தில் இருக்கும் சான்று அந்த ஒரு பக்கம்தான் என்று நினைக்கிறேன். அதுவும் கடன் கணக்கு. தள்ளுபடி செய்தவர் நாங்கள் என்று அதில் இருக்கிறது. யார் யாருக்குக் கடன்பட்டவர் என்பது இப்போது எனக்குப் புரிகிறது.

உம்மா தமது இறுதிக் காலத்தில் படுக்கையில் இருந்தபோது ராத்தாதான் அவரைப் பிடித்துவிடுவார். ஒருநாள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தாவின் வலது பெருவிரல் முள்ளந்தண்டின் ஓரமாக இறங்கிக்கொண்டிருந்தது. இடது கை முதுகில் சும்மா இருந்தது.

"அந்தக் கைய ஏன் சும்மா வச்சீக்கீங்க?" என்று கேட்டேன்.

"அம்மாயி சொல்லித் தந்தது. ஒரு கை வேல செய்யோணும். மத்தக் கை 'நான் இங்கதான் ஈக்கிறன்'னு சொல்லிட்டு ஈக்கோணும். அது இல்லாட்டி ஒடம்பு பயப்படுமாம்."

மசுனாகாவின் தாய்க் கையைப் பற்றி நான் படித்தது அதற்குப் பல வருடங்களின் பிறகு. ராத்தாவுக்கு அந்தப் பெயர் தெரியாது. அம்மாயிக்கும் தெரிந்திருக்காது.

மலையக மக்களின் பாடல்களை சி.வி. வேலுப்பிள்ளை தேடித் தொகுத்ததால்தான் அவை நமக்கு நூலாகக் கிடைத்தன. கையின் அறிவுக்கும் அப்படி ஒரு தொகுப்பு வேண்டும். லயங்களில் இன்னும் பிடிக்கத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் அவர்களது உறவினர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எந்த இடத்தில் தொடங்குகிறார்கள், எங்கே கை வைக்க மறுக்கிறார்கள், தங்கள் விரலுக்குத் தெரிவதை என்ன சொல்லால் சொல்கிறார்கள் என்பதைக் கேட்டு எழுத நமது எழுத்தாளர்கள் முன்வர வேண்டும். விடுதியின் விலைப்பட்டியலில் ஜப்பானியப் பெயர் இருப்பதில் எனக்கு வருத்தமில்லை. நமிகோஷியும் தாயின் வலிக்காகக் கை நீட்டிய ஏழைப் பிள்ளைதான். அந்தப் பட்டியலைத் தூசி தட்டிய பெண்பிள்ளையின் கைக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதை அவளிடம் யாராவது சொல்லவேண்டும். அன்று நான் சொல்லாமல் வந்துவிட்டேன். அதனால் இதை எழுதுகிறேன்.